நடு போல்ட்டில் இரண்டு குறி

கும்மிடிப்பூண்டி,
3.3.2025

அன்புள்ள பூவராகவன் சாருக்கு,

ஏ ஷிஃப்ட் சுமலதா எழுதுகிறேன். நலம். உங்கள் வீட்டில் அனைவரும் நலமாக இருக்க வேண்டும்.

போன வாரம் இரண்டு முறை போன் செய்தேன். முதல் முறை நீங்களே எடுத்தீர்கள். நான் பெயரைச் சொல்லி முடிப்பதற்குள், “சோலார் பம்ப்பு வேணாம்பா, கரண்ட்டு பம்ப்பு கீது” என்று வைத்துவிட்டீர்கள். இரண்டாம் முறை உங்கள் மருமகள் திலகவதி எடுத்தாள். “மாமாவுக்குக் காது சுத்தமா கேக்கல மேடம். எழுதிப் போடுங்க, கண்ணு நல்லா தெரியுது” என்றாள். வாட்ஸ்அப்பில் அனுப்பட்டுமா என்று கேட்டேன். “எங்க ஊட்டுக்காரர் போனுக்குத்தான் வரும். அவரு பஸ் ஸ்டாண்டுல நின்னுக்கினு சத்தமா படிச்சிக் காட்டுவாரு, பரவாயில்லையா” என்றாள். அதனால் கடிதம். இன்லண்ட் லெட்டர் கேட்டதற்குத் தபால் ஆபீஸ் பெண் என்னை ஒரு மாதிரி பார்த்தாள்.

விஷயத்துக்கு வருகிறேன். நான் வேலை பார்க்கும் ஐ.டி.ஐ.யில் பழைய கிடங்கைக் காலி செய்தோம். உள்ளே ஒரு மரப்பெட்டி. ஏதோ கம்பெனி எப்போதோ நன்கொடையாகக் கொடுத்தது என்று மட்டும் பதிவில் இருந்தது. பலகையைப் பெயர்த்துப் பார்த்தால், திருவள்ளூர் கார் ஃபேக்டரியில் நாம் பூட்டிய அதே பெட்ரோல் எஞ்சின். நாலு சிலிண்டர், பன்னிரண்டு வால்வு, இரும்பு பிளாக், அலுமினிய ஹெட். எண்ணெய்க் காகிதம் சுற்றியபடி, ஒரு நாளும் ஓடாத எஞ்சின்.

எங்கள் முதல்வர் தானியேல் சார் அதைப் பாதியாக வெட்டி, உள்ளே இருப்பது மாணவர்களுக்குத் தெரியும்படி நிறுத்தலாம் என்கிறார். பக்கத்தில் அந்த எஞ்சினின் வரலாற்றை எழுதி ஒரு பலகை. எழுதும் பொறுப்பு எனக்கு. ஜப்பானிலிருந்து பயிற்சி கொடுக்க வந்த ஹயாஷி சார் சொன்னதெல்லாம் உங்களுக்குத்தான் நினைவிருக்கும். நீங்கள்தான் அவரைக் கேண்டீனிலும் விடாமல் கேள்வி கேட்டவர். தெரிந்ததை எழுதி அனுப்புங்கள்.

மே 31-ஆம் தேதி எனக்குப் பணி ஓய்வு. தம்பி துளசிராமன் நெல்லூரில் வீட்டு மாடியில் ஓர் அறை கட்டிவிட்டான். ஜூனில் அங்கே போய்விடுவதாக இருக்கிறேன். அம்மா போன பிறகு இங்கே தனி வீட்டுக்கு வாடகை கொடுத்துக்கொண்டு ஏன் இருக்கிறாய் என்று கேட்கிறான்.

அன்புடன்,
சுமலதா

*

ஊத்துக்கோட்டை,
12.3.2025

மதிப்புக்குரிய சுமலதா மேடம் அவர்களுக்கு,

பி ஷிஃப்ட் பூவராகவன் வணக்கத்துடன் எழுதுவது. சோலார் பம்ப்புக்கு மன்னிக்கவும். வாரத்துக்கு நாலு பேர் அதற்காகவே கூப்பிடுகிறார்கள். உங்கள் குரல் என்று தெரிந்திருந்தால் கேட்காத காதோடாவது கொஞ்ச நேரம் வைத்திருந்திருப்பேன்.

நவரைப் பருவ நெல் அறுப்பு முடியும் நேரம். மெஷின் வந்து இரண்டு நாளாக வயலில் நிற்கிறது. ஓட்டுபவர் கல்யாணத்துக்குப் போய்விட்டார். மகன் அன்புராஜ் அவருக்குப் போன் மேல் போன் போட்டுக்கொண்டிருக்கிறான்.

எஞ்சினைப் பற்றி. ஹயாஷி சார் சொன்னதை வரிசையாகச் சொல்கிறேன். அது எழுபதுகளின் கடைசியில் ஜப்பானில் பிறந்தது. அந்தக் கம்பெனி தன் எஞ்சின் குடும்பங்களுக்கு வானத்துப் பெயர்களை வைக்கும் வழக்கம் உள்ளது. நம்முடையதற்கு ஓரியன் என்று பெயர். அது என்ன என்று நான் கேட்டேன். கேண்டீன் டிஷ்யூ காகிதத்தில் புள்ளி புள்ளியாக வைத்துக் காட்டினார். நடுவில் மூன்று நட்சத்திரம் ஒரே வரிசையில். எங்கள் வயலில் தினமும் பார்ப்பதுதான். மிருகசீரிடம், திருவாதிரை எல்லாம் அந்தப் பக்கத்தில்தான் இருக்கின்றன.

“மூணு நட்சத்திரம்தான சார் கீது, நாலாவது சிலிண்டர் எங்க?” என்று கேட்டேன். மொழிபெயர்க்க வந்த பையன் சிரித்துவிட்டு அவரிடம் சொன்னான். ஹயாஷி சார் சாம்பார் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு யோசித்தார். பிறகு ஏதோ சொன்னார். “நாலாவதை திருவள்ளூர்ல பூட்டிக் காட்டுங்கன்னு சொல்றாரு” என்றான். அன்றைக்கு நீங்கள் அந்த மேஜையில் இல்லை. உங்கள் ஷிஃப்ட் முடிந்து பஸ் ஏறியிருந்தீர்கள்.

இன்னொன்று. முதலில் அதைப் பின்சக்கர வண்டிக்காக, நீளவாக்கில் வைப்பதற்குத்தான் வடிவமைத்தார்களாம். பிறகு முன்சக்கரம் இழுக்கும் சின்ன கார் ஒன்றில் குறுக்காகத் திருப்பி வைத்தார்கள். கியர்பெட்டிக்குப் பக்கத்தில் இடமில்லை, எஞ்சினுக்கு அடியில் போயிற்று. சக்தியை மேலிருந்து கீழே கொண்டுபோக நடுவில் ஒரு தண்டு தேவைப்பட்டது. அந்தத் தண்டைச் சும்மா விடுவானேன் என்று அதற்கே இரண்டு வேகம் கொடுத்துவிட்டார்கள். டிரைவருக்கு இரண்டாவதாக ஒரு கியர் லீவர் கிடைத்தது. நாலு கியர் வண்டி எட்டு கியர் வண்டி ஆயிற்று. ஹயாஷி சார் இதைச் சொல்லும்போது தன் வீட்டுப் பிள்ளையின் குறும்பைச் சொல்வதுபோலச் சொன்னார்.

நெல்லூர் நல்ல ஊர். மீன் நன்றாக இருக்கும் என்கிறார்கள்.

முடிந்தது: மேலே எழுதியவை.
மீதி: மலேசியா, சீனா கதை. அடுத்ததில்.
கவனிக்க: எஞ்சினை வெட்டும்போது கிராங்க் தண்டை முதலில் கழற்றிவிடச் சொல்லுங்கள்.

(ஷிஃப்ட் மாறும்போது எழுதிப் பழகிய கை. மாற்ற முடியவில்லை.)

இப்படிக்கு,
பூவராகவன்

*

கும்மிடிப்பூண்டி,
24.3.2025

அன்புள்ள பூவராகவன் சாருக்கு,

உங்கள் கடிதத்தைத் தானியேல் சாரிடம் படித்துக் காட்டினேன். எட்டு கியர் கதையில் அவர் விழுந்துவிட்டார். இரண்டாவது லீவரை எப்படி வரைவது என்று வரைபட ஆசிரியரைத் துரத்திக்கொண்டிருக்கிறார்.

நீங்கள் மாற்ற முடியாத பழக்கம் என்று எழுதிய மூன்று வரியைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். பதினொரு வருடம் ஒரே ஸ்டேஷனில் வேலை பார்த்தோம். காலை ஆறிலிருந்து இரண்டு வரை நான், இரண்டிலிருந்து பத்து வரை நீங்கள். நீங்கள் காலையில் வயலைப் பார்க்க வேண்டும் என்று பி ஷிஃப்ட்டைக் கேட்டு வாங்கியவர். பெண்களுக்கு ராத்திரி ஷிஃப்ட் கிடையாது என்று என்னை ஏ-யிலேயே வைத்திருந்தார்கள். சைரனுக்கு முன்னும் பின்னும் பத்து நிமிடம் பார்த்துக்கொள்வோம். மற்றதெல்லாம் அந்த மூன்று வரிதான். முடிந்தது, மீதி, கவனிக்க.

இப்போது நான் கேட்க வேண்டியதைக் கேட்கிறேன்.

நேற்று எஞ்சினின் எண்ணெய்க் காகிதத்தை முழுவதும் பிரித்தோம். பின்பக்கம் கம்பியில் ஒரு சிவப்புச் சீட்டு கட்டியிருந்தது. என் கையெழுத்து. “நடு போல்ட், இரட்டைக் குறி. ஏன்? பி ஷிஃப்ட் பதில் தேவை.” கீழே பதில் எழுதும் இடம் காலி.

இது அந்த எஞ்சின்தான் சார்.

மேல் மூடியை நானே கழற்றினேன். ஓடாத எஞ்சின் என்பதால் உள்ளே ஒரு துளி கரி இல்லை. ஹெட்டை பிளாக்கோடு சேர்க்கும் பத்து போல்ட்டும் அன்றைக்கு விட்டதுபோலவே இருக்கின்றன. ஐந்தில் என் மஞ்சள் பெயின்ட் பொட்டு. நாலில் உங்கள் வெள்ளை. நடுவில், முதலில் முறுக்கும் அந்த போல்ட்டில், என் மஞ்சள் பொட்டுக்குப் பக்கத்தில் உங்கள் வெள்ளைப் பொட்டு. அதையும் சேர்த்து என் மஞ்சள் ஆறு, உங்கள் வெள்ளை ஐந்து.

இந்தக் கடிதத்தை வேறு யாராவது படித்தால் இதில் என்ன இருக்கிறது என்பார்கள். நமக்குத் தெரியும். டார்க் ரென்ச்சில் அளவு வைத்து முறுக்கி, ‘டக்’ என்று சத்தம் வந்ததும் கையை எடுத்துப் பொட்டு வைக்க வேண்டும். ஒரு போல்ட்டுக்கு ஒரு பொட்டு. அடுத்தவர் பொட்டு வைத்ததை யாரும் தொடக்கூடாது. இரண்டு பொட்டு இருந்தால் இரண்டு கை முறுக்கியிருக்கிறது, போல்ட் இழுபட்டிருக்கலாம் என்று பொருள். சிவப்புச் சீட்டு கட்டி ஓரம் தள்ளிவிட வேண்டும். அந்தச் சீட்டை எடுக்க இரண்டு ஷிஃப்ட் ஆட்களும் சேர்ந்து நின்று மறுபடி அளவு பார்க்க வேண்டும்.

மறுநாள் காலை அதைப் பார்த்தது நான். கட்டியதும் நான். நீங்கள் பதில் எழுதவில்லை. இரண்டு நாளில் பெட்ரோல் லைனையே நிறுத்திவிட்டார்கள். உங்களை பெயின்ட் ஷாப்புக்கும் என்னை ஸ்டோருக்கும் அனுப்பினார்கள். கேட்காமலே விட்டுவிட்டேன்.

பலகையில் ஒரு வரி எழுத வேண்டியிருக்கிறது. இந்த எஞ்சின் ஏன் எந்தக் காரிலும் ஏறவில்லை என்று. அதனால் கேட்கிறேன். ஏன் வைத்தீர்கள்?

அன்புடன்,
சுமலதா

*

ஊத்துக்கோட்டை,
4.4.2025

மதிப்புக்குரிய மேடம் அவர்களுக்கு,

கடிதம் கிடைத்தது. அறுப்பு நல்லபடி முடிந்தது. நெல் வெயிலில் கிடக்கிறது. மழை வரும்போல வானம் காட்டுகிறது, வருவதில்லை. தார்ப்பாயைப் போடுவதும் எடுப்பதுமாகப் பொழுது போகிறது.

பாக்கி வைத்திருந்த வரலாறு. நம் எஞ்சின் பிறந்த வீட்டில் மட்டும் இருந்துவிடவில்லை. மலேசியாக்காரர்கள் எண்பதுகளில் தங்கள் நாட்டுக்கென்று ஒரு காரை உருவாக்கியபோது அதற்குள் வைத்தது இந்தக் குடும்பத்து எஞ்சினைத்தான். பிறகு சீனாவில் உரிமம் வாங்கிச் செய்தார்கள். அங்கே பல கம்பெனிகளின் கார்களில் அது ஓடியது. ஆரம்பத்தில் கார்புரேட்டர். பிறகு ஊசிபோலப் பெட்ரோலைப் பீய்ச்சும் இஞ்செக்டர். முதலில் சிலிண்டருக்கு இரண்டு வால்வு, பிறகு மூன்று, பிறகு நாலு. பிளாக் மட்டும் பழைய குணத்தை விடவில்லை. நம்மிடம் வந்தபோது அதற்கு இருபது வயது. நம் ஊர் பெட்ரோலையும் நம் ஊர் வெயிலையும் குறை சொல்லாமல் ஏற்றுக்கொண்டது.

போன மாதம் பெரியபாளையம் கோயிலுக்குப் போனபோது நிறுத்துமிடத்தில் நம் கார் ஒன்று நின்றது. நிறம் வெளுத்திருந்தது. ஓட்டி வந்தவர் பழவேற்காட்டுக்காரர், பெயர் அப்துல் கனி. பேரனுக்குப் பட்டுத்துணி வாங்க வந்தவர், வழியில் நண்பரை இறக்கிவிட வந்தாராம். பானெட்டைத் திறந்து காட்ட முடியுமா என்று கேட்டேன். அவர் சொன்னதையெல்லாம் கூட வந்த திலகவதி என் காதருகில் கத்திச் சொன்னாள். “மெக்கானிக்கா பாய்?” என்றார். பூட்டினவன் என்றேன். உடனே திறந்துவிட்டார். “இருவத்தி ரெண்டு வருசமா ஓடுது. ஹெட்டை இதுவரைக்கும் இறக்கல. யாரு பூட்டுனாங்களோ, அல்லா அவுங்களுக்கு நல்லது செய்யட்டும்னு நம்ம ஊட்ல சொல்லும்” என்றார். நான் கையை வைத்துப் பார்த்தேன். காதுக்குக் கேட்கவில்லை, கைக்குக் கேட்டது. எந்த ஷிஃப்ட் பூட்டியது என்று மூடியைக் கழற்றினால்தான் தெரியும். அப்படிக் கேட்க முடியுமா.

திலகவதி உங்களுக்கு வணக்கம் சொல்லச் சொன்னாள். நெல்லூரில் உங்கள் அறை மேற்குப் பார்த்ததா, கிழக்குப் பார்த்ததா? மேற்கு என்றால் வெயில் கொல்லும். துளசிராமன் சாரிடம் சொல்லி ஒரு மறைப்புப் போட்டுக்கொள்ளவும்.

முடிந்தது: மலேசியா, சீனா.
மீதி: 
கவனிக்க: வெயில்.

இப்படிக்கு,
பூவராகவன்

*

கும்மிடிப்பூண்டி,
15.4.2025

பூவராகவன் சாருக்கு,

சித்திரைப் பிறப்பு வாழ்த்துகள்.

மலேசியா வந்துவிட்டது. சீனா வந்துவிட்டது. பழவேற்காட்டு அப்துல் கனி பாய் வந்துவிட்டார், அவர் பேரனின் பட்டுத்துணிகூட வந்துவிட்டது. நான் கேட்டது வரவில்லை. “மீதி” என்று எழுதிவிட்டு எதிரில் ஒன்றும் எழுதாமல் விட்டிருக்கிறீர்கள். லைனில் இருந்தபோது நீங்கள் ஒரு நாளும் அப்படி விட்டதில்லை.

நான் ஏன் விடாமல் கேட்கிறேன் என்பதைச் சொல்லிவிடுகிறேன். உங்களுக்கு இது தெரியாது என்று நினைக்கிறேன்.

அந்த லைனில் ரென்ச் பிடித்த பெண் நான் ஒருத்திதான். முதல் வருடம் கேண்டீனில் என் காதுபடவே பேசினார்கள். “பொம்பள கை, ‘டக்’ வர்ற வரைக்கும் தாங்காது. மேல பொட்டு, உள்ள லூசு.” நான் ரென்ச்சை எடுத்து முறுக்கினேன். என் மஞ்சளுக்குப் பக்கத்தில் இன்னொருவர் நிறம் ஒரு நாளும் விழுந்ததில்லை. அது எனக்குப் பெரிய விஷயம். கம்பெனி கொடுத்த கேடயத்தைவிடப் பெரிய விஷயம்.

அப்படியிருக்க, கடைசி வாரத்தில் ஒரு காலை மூடி போடப் போகிறேன், நடு போல்ட்டில் வெள்ளைப் பொட்டு. யாருடையது என்று தேட வேண்டியதில்லை. பதினொரு வருடம் என் வேலையை வாங்கி முடித்தவர், போகிற நேரத்தில் என் முறுக்கைச் சோதித்துப் பார்த்திருக்கிறார் என்றுதான் புரிந்துகொண்டேன். சிவப்புச் சீட்டைக் கட்டினேன். ‘ஏன்’ என்று எழுதியது சட்டத்துக்காக இல்லை, எனக்காக.

அதற்குப் பிறகு உங்கள் மீது கோபம் இருந்தது என்று சொல்ல முடியாது. நீங்கள் பொங்கலுக்குப் புது அரிசி அனுப்புவீர்கள், நான் நன்றி சொல்லி ஒரு கார்டு போடுவேன். அந்தக் கேள்வி மட்டும் கிடந்தது. அரிசி நன்றாகத்தான் இருந்தது.

மே பத்தாம் தேதி சனிக்கிழமை எஞ்சினை வெட்டுகிறார்கள். எந்த இடத்தில் வெட்டுவது என்று சாக்பீஸால் கோடு போட வேண்டியவள் நான். நடுவில் வெட்டினால் எல்லாம் நன்றாகத் தெரியும் என்கிறார் தானியேல் சார். நடு போல்ட்டும் அதோடு போய்விடும். போகட்டுமா என்று நீங்கள் சொல்ல வேண்டும்.

துளசிராமன் வண்டி ஏற்பாடு செய்துவிட்டான். ஜூன் முதல் தேதி காலையில் சாமான் ஏற்ற ஆள் வரும். அதற்குப் பிறகு நீங்கள் எழுதினால் நெல்லூருக்குத்தான் எழுத வேண்டும். அங்கே போய்ப் பழைய போல்ட்டைப் பற்றி யாரிடமும் கேட்டுக்கொண்டிருக்க மாட்டேன்.

சுமலதா

*

ஊத்துக்கோட்டை,
23.4.2025

சுமலதா மேடம் அவர்களுக்கு,

உங்கள் கடிதத்தை வயலில் வைத்துப் படித்தேன். படித்து முடித்ததும் வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டேன். அன்புராஜ் தூரத்திலிருந்து பார்த்துவிட்டு, மயக்கம் என்று நினைத்துத் தண்ணீர் பாட்டிலோடு ஓடி வந்தான்.

கேண்டீனில் அப்படிப் பேசியது எனக்குத் தெரியாது. பி ஷிஃப்ட்டில் என்னிடம் அப்படி யாரும் சொன்னதில்லை. சொல்லியிருந்தால் நான் என்ன சொல்லியிருப்பேன் என்பது அவர்களுக்குத் தெரியும், அதனால் சொல்லவில்லை போலிருக்கிறது. நான் உங்கள் போல்ட்டை முறுக்கவில்லை. ரென்ச்சை அதன் மேல் வைக்கவேயில்லை. பொட்டு மட்டும்தான் வைத்தேன்.

ஏன் என்று சொல்கிறேன். சுற்றி வளைத்துச் சொன்னால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அன்புராஜின் அம்மா பூவம்மாள் தவறியபோது பதினைந்து நாள் கழித்து வேலைக்கு வந்தேன். கை வேலை செய்தது, தலை வேலை செய்யவில்லை. அந்த மாதம் முழுக்க நீங்கள் எனக்குப் பாதி எஞ்சினை விட்டுப் போகவில்லை. சைரன் அடித்த பிறகும் நின்று, பத்து போல்ட்டையும் மஞ்சளாக்கிவிட்டுத்தான் போனீர்கள். உங்கள் பஸ் போய்விடும் என்று தெரியும். டவுன் பஸ்ஸில் நின்றுகொண்டு போயிருப்பீர்கள். மூன்று வரியில் நீங்கள் எழுதியது, “மீதி: இல்லை.” ஆறுதல் சொல்ல வந்தவர்கள் நிறையப் பேர். யார் சொன்னதும் எனக்கு இப்போது நினைவில்லை. இந்த வரி நினைவிருக்கிறது.

அதற்குப் பிறகு ஒவ்வொரு நாளும் இரண்டு மணிக்கு வரும்போது முதலில் மஞ்சளைப் பார்ப்பேன். எந்த போல்ட் வரை வந்திருக்கிறீர்கள், அன்றைக்கு உடம்பு நன்றாக இருக்கிறதா, அம்மாவோடு ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டு வந்தீர்களா, எல்லாம் பொட்டிலேயே தெரியும். அவசரமான நாளில் உங்கள் பொட்டு நீண்டு வால் விட்டிருக்கும்.

லைன் நிற்கப் போகிறது என்று சூப்பர்வைசர் எனக்கு இரண்டு நாள் முன்பே சொல்லிவிட்டார். அன்று நீங்கள் நடுவிலிருந்து தொடங்கி ஆறு முடித்துவிட்டுப் போயிருந்தீர்கள். நான் மீதியை முறுக்கினேன். முடித்ததும் தோன்றியது. ஒரே ஸ்டேஷனில் எத்தனை ஆயிரம் எஞ்சின் பூட்டினோம், ஒரு போல்ட்டில்கூட நாம் இரண்டு பேரும் சேர்ந்து இருந்ததில்லை. உங்களுடையது உங்களுடையது, என்னுடையது என்னுடையது. ஒன்றிலாவது பக்கத்தில் பக்கத்தில் இருக்கட்டும் என்று வைத்தேன். மூடி போட்டுவிட்டால் யாருக்கும் தெரியாது, அது பாட்டுக்கு யாரோ ஒருவர் காரில் ஊர் ஊராகப் போகும் என்று நினைத்தேன். மூடியை நானே போட்டிருக்க வேண்டும். அன்று மூடி ஸ்டேஷனில் கேஸ்கெட் தீர்ந்துவிட்டது. காலையில் உங்கள் கைக்கே வந்துவிட்டது.

சிவப்புச் சீட்டு தரக் கட்டுப்பாட்டு ஆபீஸுக்குப் போகும், பத்துப் பேர் படிப்பார்கள். இதை அதில் எப்படி எழுதுவேன்? பொய் எழுதவும் மனம் வரவில்லை. காலியாக விட்டேன். நீங்கள் அதை உங்கள் கையின் மேல் சந்தேகம் என்று எடுத்துக்கொள்வீர்கள் என்று இத்தனை வருடத்தில் ஒரு நாளும் தோன்றவில்லை. உங்கள் கையைப் பற்றிச் சந்தேகப்பட முடியும் என்பதே எனக்குத் தெரியாததால் தோன்றவில்லை.

நெல்லூருக்குப் போகாதீர்கள் என்று சொல்ல எனக்கு எந்த உரிமையும் இல்லை. ஆனாலும் சொல்கிறேன். போகாதீர்கள்.

இதை எழுதுமுன் வீட்டில் சொல்லிவிட்டேன். அன்புராஜ் எழுந்து மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போய்விட்டான். மாடு ஏற்கெனவே குடித்துவிட்டது. திரும்பி வந்து என் காதருகில், “மேடம் நல்லவங்கதான் நைனா” என்றான். திலகவதி, “இது இப்பதான் தெரியுமா உனுக்கு? மாமா லெட்டர் வந்த நாள்ல ரெண்டு தடவ சேவ் பண்ணுது” என்று எனக்கே கேட்கும்படி அவனிடம் கத்திவிட்டு என்னிடம் வந்தாள். காதுக்கு அருகில் வாயை வைத்துக் கத்தினாள். “தாலி கட்டறதோ, சும்மா பேசிக்கினு இருக்கறதோ, அது உங்க ரெண்டு பேர் பாடு மாமா. காலைல டீ இன்னொரு டம்ளர் போடறதுல எனக்கு இன்னா பேஜாரு?” தெருவுக்கே கேட்டிருக்கும்.

பின்பக்கத்து அறை கிழக்குப் பார்த்தது. வெயில் பத்து மணிக்குப் போய்விடும். உங்களுக்கு வேறு ஊரில், வேறு வீட்டில் இருப்பதுதான் வசதி என்றால் அதுவும் சரி. பஸ் இருக்கிறது. நான் வந்து போவேன்.

நடு போல்ட்டை வெட்டுவதா வேண்டாமா என்பது உங்கள் கையில். முதலில் முறுக்கியவர் நீங்கள்.

பூவராகவன்

*

கும்மிடிப்பூண்டி,
30.4.2025

அன்புள்ள பூவராகவனுக்கு,

உங்கள் கடிதம் வெள்ளிக்கிழமை வந்தது. படித்துவிட்டு ஒர்க்ஷாப்புக்குப் போய் எஞ்சினின் மூடியை மறுபடி கழற்றினேன். பூதக்கண்ணாடி வைத்து அந்த போல்ட்டின் தலையைப் பார்த்தேன். ரென்ச் இரண்டாம் முறை உட்கார்ந்திருந்தால் விளிம்பில் புதிதாக ஒரு தேய்ப்பு இருக்கும். இல்லை. ஒரு முறைதான் உட்கார்ந்திருக்கிறது. இதை அன்று காலையிலேயே பார்த்திருக்கலாம். கோபத்தில் பொட்டை மட்டும் பார்த்தேன், விளிம்பைப் பார்க்கவில்லை.

உங்கள் வெள்ளைப் பொட்டு என் மஞ்சளைத் தொடவில்லை. நடுவில் ஒரு மயிரிழை இடம் விட்டு வைத்திருக்கிறீர்கள்.

பலகைக்கு எழுதியதை இத்துடன் அனுப்புகிறேன். பிழை இருந்தால் சொல்லுங்கள்.

“நாலு சிலிண்டர் பெட்ரோல் எஞ்சின். எழுபதுகளின் கடைசியில் ஜப்பானில் உருவானது. ஓரியன் என்ற நட்சத்திரக் கூட்டத்தின் பெயரைக் கொண்ட குடும்பம். நீளவாக்கில் வைக்க வடிவமைத்ததைக் குறுக்காகத் திருப்பி வைத்தபோது இரண்டாவது கியர் லீவர் பிறந்தது. மலேசியாவிலும் சீனாவிலும் கார்களை ஓட்டியது. திருவள்ளூரில் தொண்ணூறுகளின் கடைசியிலிருந்து பூட்டப்பட்டது. இந்த எஞ்சின் எந்தக் காரிலும் ஏறவில்லை. நடு போல்ட்டில் இரண்டு ஷிஃப்ட்டின் குறியும் இருந்ததால் நிறுத்தி வைக்கப்பட்டது.”

தானியேல் சார் கடைசி வரியைப் படித்துவிட்டு, “ஏன் ரெண்டு குறின்னு பசங்க கேப்பாங்களே மேடம், என்ன சொல்றது?” என்றார். பி ஷிஃப்ட் ஆள் வந்து சொல்வார் என்றேன். சாக்பீஸ் கோட்டை நாலாவது சிலிண்டர் பக்கம் போட்டுவிட்டேன். அங்கே வெட்டினாலும் பிஸ்டன், வால்வு எல்லாம் நன்றாகத் தெரியும். உங்கள் ஹயாஷி சார் பூட்டிக் காட்டச் சொன்ன நாலாவது சிலிண்டரை மாணவர்கள் உள்ளேயே பார்க்கட்டும். நடு போல்ட் முழுதாக இருக்கும்.

துளசிராமனுக்குப் போன் செய்தேன். ஜூனில் வரவில்லை என்றேன். அக்கா, அறைக்குப் பெயின்ட் அடித்துவிட்டேனே என்றான். அடுத்த பொங்கலுக்கு இரண்டு நாள் வந்து தங்குகிறேன், தனியாக வரமாட்டேன் என்றேன். டிவி சத்தத்தைக் குறைப்பது கேட்டது. பிறகு, “காது கேக்காதுன்னு சொல்லுவியே, அவுரா?” என்றான். நான் அப்படி எப்போது சொன்னேன் என்று எனக்கே தெரியவில்லை. அவனிடம் நிறையச் சொல்லியிருக்கிறேன் போலிருக்கிறது.

டீக்கு அவ்வளவு தூரம் தினமும் வர முடியாது என்று திலகவதியிடம் சொல்லுங்கள். மே 31 வரை எனக்கு இங்கே வகுப்பு இருக்கிறது. அதற்குப் பிறகு சாமான் வண்டியை ரத்து செய்ய வேண்டாம், போகிற ஊரை மட்டும் மாற்றிச் சொல்லலாம் என்று நினைக்கிறேன். கிழக்குப் பார்த்த அறையை ஒரு முறை நேரில் பார்க்க வேண்டும்.

முடிந்தது: பலகை. நெல்லூர்.

மீதி: சிவப்புச் சீட்டு இன்னும் எஞ்சினில்தான் தொங்குகிறது. நான் மட்டும் எடுத்தால் செல்லாது. பத்தாம் தேதி, வெட்டுவதற்கு முன் வாருங்கள். ஊத்துக்கோட்டையிலிருந்து காலை பஸ் இருக்கிறது. ரென்ச்சுக்கு அளவு வைத்து எடுத்து வைத்திருக்கிறேன்.

கவனிக்க: ‘டக்’ சத்தம் உங்களுக்குக் கேட்காது. ரென்ச்சை நீங்கள் பிடியுங்கள். கேட்டதும் நான் உங்கள் கையைத் தொடுகிறேன்.

அன்புடன்,
சுமலதா